எழுத்தறியாப் பெற்றோரும் வாசிக்கும் குழந்தையும்

அங்கத்தினர் கல்விக்கென ஒதுக்கிய இப்பகுதியில் வரவு செலவு, கடன், விற்பனை ஆகிய விஷயங்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இம்மாதம் அவற்றினின்றும் சற்று விலகி, நம் இல்லங்களில் வளரும் குழந்தைகளின் வாசிப்பைப் பற்றிச் சில சொல்ல விழைகிறோம். இது சங்கம் கவனிக்க வேண்டிய காரியமா என்று சிலர் ஐயுறலாம். கவனிக்க வேண்டிய காரியமே என்பது நம் கருத்து. கூலிப் பதிவேட்டில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து, கூட்டிப் பார்த்து, பிறகு கையெழுத்திடுகிறவர் ஒருவர். எழுத்தர் காட்டிய இடத்தில் பெருவிரலை ஊன்றிவிட்டுப் போகிறவர் இன்னொருவர். இருவரும் பங்குத் தொகை செலுத்தியவர்கள். பொதுக்குழுவில் இருவருக்கும் ஒரே வாக்குத்தான். ஆயினும் சங்கத்தில் இருவரும் பெறும் இடம் ஒன்றன்று. இன்று நம் தறிக்குழியின் ஓரத்திலும் களத்துமேட்டிலும் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தை இருபது ஆண்டு கழித்து இவ்விருவரில் எவராக வந்து நிற்கும் என்பது சங்கத்துக்கு உரிய கேள்வியேயாகும்.

“குழந்தைதான் பள்ளிக்கூடம் போகிறதே, அங்கே சொல்லிக் கொடுக்கமாட்டார்களா?” என்பது நாம் அடிக்கடி கேட்கும் மொழி. கல்வி உரிமைச் சட்டம் 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. 6 வயது முதல் 14 வயது வரை கல்வி பெறுவது அன்று முதல் குழந்தைகளின் உரிமையாயிற்று. ஆனால் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு. வாசிக்கத் தெரிவது வேறு. 2005 முதல் ‘அசர்’ என்னும் கணக்கெடுப்பு நம் நாட்டுக் கிராமங்களில் நடந்து வந்திருக்கிறது. அதில் பணி புரிவோர் குழந்தையின் வாசிப்பைப் பள்ளியில் சோதிப்பதில்லை. வீட்டுக்கே வந்து குழந்தையைத் திண்ணையில் உட்காரவைத்து, எழுத்துகள், சொற்கள், முதல் வகுப்பு நிலையில் ஒரு சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சிறு கதை ஆகியவற்றில் எதுவரை படிக்க முடிகிறது என்று பார்ப்பர். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் குழந்தைகளில் அந்த இரண்டாம் வகுப்புக் கதையைத் தடையின்றி வாசிப்போர் நாடு முழுவதும் பாதிப்பேரை ஒட்டியே இருந்து வந்திருக்கின்றனர். மற்றப் பாதிப்பேரும் பள்ளிக்குப் போகிறவர்களே என்பதை அங்கத்தினர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

வீட்டில் இது தெரியாமற் போவது எவ்வாறு? காரணம் மனப்பாடம். பாடப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குழந்தை கணீரென்று ஒப்பிக்கும். அடுப்படியிலிருந்து தாய் கேட்டு மகிழ்வாள். கண் புத்தகத்தின் மேல் இருக்கும்; வாயில் வருவதோ வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கூவிக் கூவிப் பதிந்துபோன ஒலி. இதைச் சோதித்தறிதல் எளிது. பக்கத்தின் நடுவில் ஒரு வரியைச் சுட்டி, “இங்கிருந்து படி, கண்ணு” என்று சொல்ல வேண்டும். அல்லது படத்தைக் கையால் மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லலாம். தானே பார்த்துப் படிக்கும் குழந்தைக்கு இதனால் தடையில்லை. மனப்பாடத்தால் ஓடிக்கொண்டிருந்த குழந்தை அங்கே நின்றுவிடும். நின்றுவிட்டால் கோபிக்கலாகாது. நோய் இன்னதென்று தெரிந்ததே, அதற்காக மகிழ வேண்டும்.

இனி, “எங்களுக்கே எழுத்து வாசனை கிடையாது, நாங்கள் எதைச் சொல்லிக் கொடுப்பது?” என்று கேட்கும் தாய் தந்தையருக்கு விடையாக ஓர் ஆராய்ச்சியை எடுத்துரைப்போம். இலண்டன் மாநகரில் ஹாரிங்கே என்று ஒரு பகுதி உண்டு. பல நாடுகளிலிருந்து பிழைப்புக்கென வந்து குடியேறியவர்கள் அங்கு மிகுதி. ஆங்கிலம் சரிவரப் பேச வராதோரும், எழுதப் படிக்கத் தெரியாதோரும் அவர்களில் இருந்தனர். 1970-களின் பிற்பகுதியில் பார்பரா டிசார்டு என்னும் அம்மையாரும் உடனிருந்த ஆராய்ச்சியாளர்களும் அப்பகுதிப் பள்ளிகளில் 6 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளிடையே 2 ஆண்டுகள் ஒரு சோதனை நடத்தினர். சில வகுப்புக் குழந்தைகளிடம் புத்தகங்களைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினர். குழந்தைகள் அவற்றை வாய்விட்டு வாசித்துக் காட்டினர். பெற்றோர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டனர். அவ்வளவே. வேறு பள்ளிகளில் குழந்தைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து, தேர்ந்த ஆசிரியர் ஒருவரைக்கொண்டு பள்ளியிலேயே தனி உதவி அளித்தனர்.

முடிவு 1982-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வீட்டில் வாசித்துக் காட்டிய குழந்தைகள் தெளிவாக முன்னேறியிருந்தனர். தனி ஆசிரியரின் உதவி பெற்ற குழந்தைகளிடம் அத்தகைய முன்னேற்றம் காணப்படவில்லை. பெற்றோர் எழுத்தறியாதவராய் இருந்த இல்லங்களிலும், ஆங்கிலம் அறியாதவராய் இருந்த இல்லங்களிலும் குழந்தைகள் முன்னேறினர். இதில் மாயம் ஒன்றுமில்லை. நாற்பது குழந்தைகள் இருக்கும் வகுப்பில் ஒரு குழந்தை வாய்திறந்து படிக்க ஆசிரியர் ஒதுக்கக்கூடிய நேரம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். ஒரு மணி நேரத்தை நாற்பதால் வகுத்தால் ஒருவருக்கு ஒன்றரை நிமிஷம். வீட்டில் அதே குழந்தைக்குப் பதினைந்து நிமிஷம் கிடைக்கிறது. அதுவும் தனக்கு மிக வேண்டியவர் முகம் பார்த்துக் கேட்க, நாள்தோறும் கிடைக்கிறது. தறியில் உட்கார்ந்து கை பழகாமல் நெசவு வந்தவர் எவருமிலர். வாசிப்பும் கைப்பழக்கத்தைப் போன்றதே. கண்ணும் நாவும் பழக வேண்டும்.

ஆகவே, எழுத்தறியாத பெற்றோர் செய்ய வேண்டுவது கற்பித்தலன்று, கேட்டல். எவ்வாறு கேட்பது என்பதைச் சற்று விரிவாகவே சொல்வோம். நம் பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நேரத்தை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். விளக்கு வைத்த பின்னரோ, இரவு உணவு முடிந்த பின்னரோ, நாள்தோறும் ஒரே வேளையாக இருத்தல் நலம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னர்த் தறி ஓய்வதில்லை. நடவிலும் அறுவடையிலும் வயலுக்குப் போனவர் இருட்டியே திரும்புவர். அந்த நாட்களில் பதினைந்து நிமிஷத்தை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு நிறுத்திவிடலாகாது. நிறுத்தினால் மீண்டும் தொடங்குவது, அறுந்த பாவைப் பிணைப்பது போன்ற வேலையாகிவிடும். குழந்தை எதிரே உட்காருவதைவிடப் பக்கத்தில் உட்காருவதே தக்கது. புத்தகம் இருவர் கண்ணிலும் பட வேண்டும். குழந்தை விரலை வைத்துப் படிக்கட்டும். விரல் வைக்கலாகாது என்று சிலர் கண்டிப்பர். தொடக்கத்தில் விரல் ஊன்றுகோல். கால் வலுத்ததும் தானே கீழே போட்டுவிடும்.

எழுத்தறியாத தாய், குழந்தை சரியாகத்தான் படிக்கிறதா என்பதை எங்ஙனம் அறிவாள்? இதற்கு ஒரு வழி உண்டு. குழந்தை ஒரு வரியைப் படித்ததும், அதில் ஒரு சொல்லைச் சுட்டி, “இது என்ன சொல்?” என்று கேட்க வேண்டும். “மழை” என்று சொன்னால், “இந்தப் பக்கத்தில் மழை என்று வேறு எங்கேனும் எழுதியிருக்கிறதா, தேடிக் காட்டு” என்று கேட்க வேண்டும். குழந்தை காட்டும் இடத்தில் உள்ள உருவமும் முதலில் சுட்டிய உருவமும் ஒன்றேதானா என்று பார்க்க எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும். நம் மகளிருக்கோ அத்தகைய கண் மற்றவரைவிடக் கூர்மையானது. கரையில் ஓர் இழை பிழைத்திருந்தாலும் ஒரு முழம் தள்ளி நின்று கண்டுபிடிப்பவர்கள் அவர்கள். விதை நெல்லில் கலந்த வேற்று நெல்லை விரலால் ஒதுக்குபவர்கள். அந்தக் கண்ணை எழுத்தின்மேல் திருப்பினால், சில மாதங்களில் தாய்க்கும் பத்து இருபது சொற்கள் தெரிந்துவிடும். குழந்தையால் தாய் எழுத்தறிவு பெற்றாள் என்றால் அதில் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

வாசிப்பு ஓரிடத்தில் தடைப்பட்டால் உடனே பாய்ந்து உதவலாகாது. மனத்துக்குள் ஐந்து வரை எண்ணும் அளவு பொறுக்க வேண்டும். பெரும்பாலும் குழந்தையே கண்டுகொள்ளும். இல்லையேல், வரியின் தொடக்கத்திலிருந்து மீண்டும் படிக்கச் சொல்லலாம். முன்னும் பின்னும் உள்ள சொற்கள் வழிகாட்டும். படத்தைப் பார்க்கச் சொல்லலாம். அதற்கும் வராவிட்டால், படித்தவர் அருகிலிருப்பின் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். ஒரு சொல்லுக்காகக் கால் மணி நேரம் மன்றாடினால் கதை செத்துவிடும். யாருமில்லையேல் அச்சொல்லின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மறுநாள் ஆசிரியரிடமோ அண்டை வீட்டு அக்காவிடமோ கேட்டு வரச் சொல்லலாம்.

படித்து முடிந்ததும் இரண்டு கேள்விகள் அவசியம்: என்ன நடந்தது, ஏன் நடந்தது? “நரி கிணற்றில் விழுந்தது” என்று குழந்தை சொன்னால், “அது ஏன் அங்கே போயிற்று?” என்று கேட்கலாம். விடை சொல்ல முடியாத குழந்தை ஒலியைப் படித்திருக்கிறதேயன்றிப் பொருளைப் படிக்கவில்லை. இதற்குப் படிப்பு வேண்டாம், கதை கேட்கும் ஆசை இருந்தாற் போதும். உண்மையில், கதை தெரியாத தாய் கேட்கும் கேள்வியே சிறந்தது. அவள் அறிந்துகொள்ளவே கேட்கிறாள் என்பது குழந்தைக்குத் தெரியும். பரீட்சைக் கேள்விக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைகள் நொடியில் உணர்வர்.

நிற்க, நம் எழுத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். தமிழில் எழுத்து 247 என்று கேட்டே மலைத்துப்போகிறவர் உண்டு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றை அறிந்தபின், எஞ்சிய 216 உயிர்மெய்களிற் பெரும்பாலானவை குறிகளைச் சேர்ப்பதால் அமைவன. துணைக்கால் தெரிந்துவிட்டால் கா, சா, தா எல்லாம் ஒன்றாகவே வரும். குழந்தைகள் உண்மையாக இடறும் இடங்கள் இரண்டு. உகர, ஊகார வரிசையில் உள்ள 36 எழுத்துகளுக்கு ஒரே குறி இல்லை. கு ஒருவிதம், து ஒருவிதம், பு ஒருவிதம். இவற்றை ஒவ்வொன்றாகவே பழக வேண்டும், ஆண்டுக்கணக்கில் அவசரமில்லை. மற்றொன்று கொம்பு. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது, ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’ என்பதிலோ எழுத்தின் இருபுறமும் குறி. பார்த்தபடியே ஒலிக்கப் புகும் குழந்தை இங்கே குழம்புவது இயல்பு. அது மந்த புத்தியின் அடையாளமன்று.

எழுத்தின் பெயரைத் தனித்தனியே கூவிக் கூட்டுவதால் மட்டும் சொல் வந்துவிடாது. கடல், பகல், தங்கம் என்னும் மூன்று சொற்களிலும் உள்ளது ஒரே ககரம். ஒலி மூன்று விதம். சொல்லை முழுதாகச் சொல்லிப் பழகும்போதே இது நாவில் அமையும். நம் தாத்தா பாட்டிமார் சிலர் எழுத்தறிந்தவர்கள். அவர்களிடம் குழந்தையை விடுவது மிக நன்று. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்வதற்கு முன்னர் ணை, லை, ளை, னை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற வளைவுடன் எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் தனி உருவம் இருந்தது. பெரியவர்கள் கைப்பழக்கத்தால் பழைய உருவத்தில் எழுதிக் காட்டினால், இதுவும் ஒருகாலத்தில் வழங்கிய எழுத்தே என்று குழந்தைக்குச் சொல்லிவிடலாம். பாட்டி தவறு, பாடப்புத்தகம் சரி என்ற வழக்கு வேண்டாம்.

மொழியிலும் ஓர் இடைவெளி உண்டு. நாம் பேசுவது ஒரு தமிழ். புத்தகத்தில் இருப்பது வேறொரு தமிழ். “வந்துச்சு” என்று பேசும் குழந்தை “வந்தது” என்று எழுதியிருப்பதைப் பார்த்து “வந்துச்சு” என்றே படித்தால் பொருள் விளங்கிப் படிக்கிறது என்று அறிய வேண்டும். நயமாகத் திருத்தலாம், நகைக்கலாகாது. நெசவாளர் குடும்பங்களில் இவ்விடைவெளி இன்னும் பெரிது. மதுரை, பரமக்குடி, கும்பகோணம் முதலிய ஊர்களில் சௌராஷ்டிர மொழியும், கோவை, சேலம் வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ள அங்கத்தினர் பலர். பள்ளியில் பின்தங்கும் என்று அஞ்சி வீட்டு மொழியைக் கைவிட வேண்டுவதில்லை. தமிழ்ப் புத்தகத்தைப் படித்துவிட்டு அக்கதையைத் தன் தாய்மொழியில் பாட்டிக்குச் சொல்லும் குழந்தை கதையை இருமுறை புரிந்துகொள்கிறது.

“வீட்டில் புத்தகம் ஏது?” என்பார்க்கு, வீட்டைச் சுற்றிப் பார்க்குமாறு சொல்வோம். நாட்காட்டியில் நாள்தோறும் கிழிக்கும் தாள், குடும்ப அட்டை, சங்கத்துப் பாஸ் புத்தகம், நூல் கட்டின்மேல் ஒட்டிய சீட்டு, விதைப் பை, உர மூட்டை, திருமண அழைப்பிதழ், பேருந்தின் பெயர்ப்பலகை ஆகிய எல்லாம் வாசிக்கத் தக்கவையே. நாட்காட்டித் தாளைக் கிழிக்கும் உரிமையைக் குழந்தைக்கு அளித்து, கிழிக்குமுன் படித்துவிட வேண்டும் என்று விதி வைத்தால் அன்றன்றைக்கு ஒரு பாடம் கிடைக்கும். உர மூட்டையில் 17:17:17 என்று இருப்பது தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளின் அளவு என்று தந்தை சொல்ல, குழந்தை எழுத்தோடு கணக்கையும் அறியும். ஆனால் பூச்சிமருந்துப் புட்டிகளைக் குழந்தை கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லலாகாது. அவற்றின் சீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று அச்சிட்டிருக்கும் நிறம் நஞ்சின் கடுமையைக் குறிப்பது. சிவப்பே மிகக் கொடியது. அதைத் தொடாமல் இருக்கவேண்டும் என்பதே அங்கே கற்பிக்க வேண்டிய பாடம்.

ஜக்கார்டு பூட்டிய தறி உள்ள வீட்டில் இன்னும் சுவையான பாடம் ஒன்று இருக்கிறது. அட்டையில் துளை இருந்தால் அங்கே உள்ள இழை மேலே எழும். துளை இல்லையேல் கீழேயே நிற்கும். கட்டமிட்ட தாளில் வரைந்த மயிலும் மாங்காயும் அட்டையில் துளையாகி, துளைகள் சேலையில் மீண்டும் மயிலாவதைத் தந்தை ஒருநாள் காட்டினால், குறிகளை வரிசையாக வைத்துப் பொருளை உண்டாக்குவதே எழுத்து என்பது ஐந்து வயதிலேயே விளங்கிவிடும். எழுத்தறியேன் என்று தலைகுனியும் நெசவாளி, உண்மையில் பிறரால் படிக்க இயலாத ஒரு தாளைப் படிக்கிறவர். இதைக் குழந்தை அறிவது நன்று.

எழுதுவதையும் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைச் சாமான் பட்டியலைக் குழந்தை எழுதட்டும். பிழை இருந்தாலும் கடைக்காரர் சாமான் கொடுத்துவிடுவார். இன்று எத்தனை தார் சுற்றியாயிற்று, எத்தனை முழம் நெய்தாயிற்று, பால் எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்பதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதச் செய்யலாம். காகிதம் இல்லையே என்று வருந்துவோர்க்கு மணல் இருக்கிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதியே கற்றனர். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர், இந்நாட்டுப் பிள்ளைகள் அவ்வாறு எழுதுவதைக் கண்டு, தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். மூத்த மாணவரைக்கொண்டு இளையவருக்குக் கற்பிக்கும் முறையையும் வகுத்து, 1797-இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். பின்னர் அம்முறை சென்னையின் பெயராலேயே இங்கிலாந்தில் பரவிற்று. மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக் கொடுப்பது நம் வீடுகளில் இன்றும் பயன்படும். ஏழாம் வகுப்பு அக்காள் இரண்டாம் வகுப்புத் தம்பி படிப்பதைக் கேட்டால் இருவரும் தேறுவர். ஆனால் அக்காளின் சொந்தப் படிப்பு நேரத்தை அதற்காக எடுத்துக்கொள்வது நியாயமன்று. பெண் குழந்தையின் நேரம் எல்லோருக்கும் பொது என்று நினைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது.

பள்ளி செல்லும் வயது வராத குழந்தைக்கு வாசிப்பு இல்லை, பேச்சு உண்டு. தாலாட்டும் விடுகதையும் பாட்டி கதையும் அதன் பாடங்கள். படப் புத்தகம் கிடைத்தால், விடாமல் படித்துக்கொண்டே போவதைவிட, “இது என்ன செய்கிறது? அப்புறம் என்ன ஆகும்?” என்று கேட்டுக் கேட்டுக் குழந்தையைப் பேசவிடுவது மேல். அமெரிக்காவில் வொய்ட்ஹர்ஸ்ட் என்பவரும் பிறரும் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோரை இவ்வாறு பழக்கி, ஒரே மாதத்தில் அக்குழந்தைகளின் பேச்சு வளம் கூடியதை 1988-இல் எடுத்துக்காட்டினர்.

கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடும் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை வாசிப்பதில்லை. அதே கருவியில் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. படிக்கும் நிலையும் குறித்திருக்கிறது. கருவி பெற்றோர் கையில் இருக்கட்டும். கதை முடிந்ததும் அது மாடத்துக்குப் போய்விட வேண்டும். வங்கியில் கூலி வரவாயிற்று என்று வரும் குறுஞ்செய்தியையும் குழந்தையைக்கொண்டு படிக்கச் சொல்லலாம். தொகையைப் படித்துக் காட்டும் குழந்தைக்கு வீட்டில் வரும் மதிப்பே தனி.

செய்யலாகாதவற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். அடித்துப் படிக்க வைத்தவன் பிரம்பு மறைந்ததும் புத்தகத்தை மூடிவிடுவான். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இடித்துரைப்பதும் அடியே. மாலையில் குழந்தை வீடு வந்ததும் ராட்டையின் முன் உட்காரவைக்கும் வழக்கத்தைப் பற்றி நாம் வெளிப்படையாகவே பேச வேண்டும். 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடுத்து, பள்ளி நேரம் போக, அபாயமற்ற குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதித்தது. நான்கு மணி நேரம் தார் சுற்றிய குழந்தை, இரவு எட்டு மணிக்குப் புத்தகத்தின்மேல் தூங்கி விழாமல் என்ன செய்யும்? கூலி குறைவாயிருப்பதால் குழந்தையின் கை வேண்டியிருக்கிறது என்பதை நாம் அறியாமலில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் வழி சங்கத்தின் கூலிப் பேச்சுவார்த்தையில் இருக்கிறது; குழந்தையின் மாலைப்பொழுதில் இல்லை.

இத்தனையும் செய்து ஓராண்டு ஆகியும் எழுத்து பிடிபடாத குழந்தைகள் சிலர் உண்டு. முதலில் கண்ணையும் காதையும் அரசு மருத்துவமனையில் சோதித்துவிட வேண்டும். கரும்பலகை தெரியாத குழந்தை தனக்குத் தெரியவில்லை என்பதையே அறியாதிருக்கும். அவை நன்றாயிருந்தும் வாசிப்பு மட்டும் வராவிட்டால் ‘டிஸ்லெக்சியா’ எனப்படும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அது அறிவுக் குறைவன்று. தனிப் பயிற்சியால் பெரிதும் சீர்ப்படும். ஆசிரியரிடம் வெட்கமின்றிப் பேச வேண்டும்.

இறுதியாகச் சங்கங்களின் பங்கு. 1844-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவூரில் 28 பேர் கூடிக் கூட்டுறவுக் கடை தொடங்கிய வரலாற்றை நம் அங்கத்தினர் அறிவர். அக்கடையில் மாவும் சர்க்கரையும் விற்ற அவர்கள், சில ஆண்டுகளுக்குள்ளேயே மாடியில் வாசகசாலையும் வைத்தனர். பின்னர் மிச்சத்தில் 100-க்கு 2½ பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றனர். 1948-இல் பொது நூலகச் சட்டம் சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாக நம் மாநிலத்தில் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி நாம் கட்டும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே கிளை நூலகத்தில் குழந்தையை உறுப்பினராக்குவது சலுகையன்று, நாம் பணம் கொடுத்து வாங்கிய உரிமை. ஊர் நூலகம் பூட்டிக் கிடந்தால், ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று கிராம சபையில் கேட்கலாம். 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது நம் தெருப் பெண்களே தன்னார்வலராக முன்வந்து மாலை வகுப்பு நடத்தியதை மறக்கலாகாது. அவர்களில் ஒருவர் ஒவ்வொரு சங்கத்துக்கும் கிடைப்பார்.

சங்கம் செய்யக்கூடியது மிகச் சிறிது. ஆயினும் உடனே செய்யக்கூடியது. அலுவலகத்தில் ஓர் அலமாரித் தட்டை ஒழித்து, இருபது முப்பது மெல்லிய படப் புத்தகங்களை வைத்தால் தொடக்கத்துக்குப் போதும். 2023-இல் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கத்துக்காக வெளியிட்ட சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்து வந்தன. அதே வரிசையில் நம் புத்தகங்களையும் எளியது முதல் அடுக்கிவிடலாம். பெரியவர்கள் நன்கொடையாகக் கொடுக்கும் கனத்த நீதி நூல்களை மேல் தட்டில் வைத்துவிடலாம். குழந்தைகள் அவற்றைத் தொடமாட்டார்கள். கூலி நாளன்று தாயுடன் வரும் குழந்தை ஒரு புத்தகத்தைக் கொடுத்து இன்னொன்றை எடுத்துச் செல்லட்டும். பதிவேட்டில் தன் பெயரையும் புத்தகத்தின் பெயரையும் குழந்தையே எழுதட்டும். எழுத்துப் பிழையை எழுத்தர் அங்கேயே திருத்த வேண்டுவதில்லை. புத்தகம் கிழிந்து வந்தால் அபராதம் விதிக்கலாகாது. அபராதத்துக்கு அஞ்சும் வீட்டில் புத்தகம் பரண்மேல் ஏறிவிடும். கிழிந்ததைத் தைத்துக்கொள்ள நம்மிடம் நூலுக்குப் பஞ்சமில்லை.